வீடிழந்து வந்தவரின் உரிமை

லாஸ்பேட்டையிலுள்ள நமது குடும்பங்களில் ரமலான் நெருங்கும்போது ஒரு வினா எழுவதுண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் நம் மார்க்கத்தார் அல்லரே, அவர்களுக்குக் கொடுத்தால் நன்மை உண்டா? வட இலங்கையில் நம் மக்களை விரட்டியவர்களும் தமிழர்தாமே என்று மனம் கசந்து கேட்போரும் உண்டு. இந்த வினாவை மார்க்கத்தின் ஒளியில் பார்ப்போம்.

முதலில் நடந்ததை அறிந்து கொள்வோம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் ஊரை விட்டார்கள். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். பணமும் நகையும் பறிக்கப்பட்டன. பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். 2009-இல் போர் முடிந்தது. ஆயினும் ஊர் திரும்ப இயலாமல் புத்தளத்திலேயே தங்கிவிட்டோர் இன்றும் பலர்.

மறுபுறம், 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் ஆயிரக்கணக்கான தமிழர்கள் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்தார்கள். அவர்களும் உடுத்த துணியோடு வந்தவர்களே. இரு சாராரின் கண்ணீரும் ஒன்றே.

இனி மார்க்கம் கூறுவதைக் காண்போம்.

1. ஆயுதம் ஏந்தாதவர் மீது கை வைக்கக் கூடாது. போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் சிரியாவுக்குப் படை அனுப்பியபோது முதியோரைக் கொல்லாதீர், காய்க்கும் மரத்தை வெட்டாதீர், குடியிருப்புகளைப் பாழாக்காதீர் என்ற கருத்தில் உபதேசித்தார்கள். உலக நாடுகள் போர்க்காலத்தில் குடிமக்களைக் காக்கவென்றே தனி ஜெனீவா உடன்படிக்கை செய்தது 1949-இல்தான்.

2. ஒருவர் பாவத்தை மற்றவர் சுமப்பதில்லை. இது திருமறையின் தெளிவான தீர்ப்பு (6:164). ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்றும் அல்லாஹ் எச்சரிக்கிறான் (5:8). விரட்டியவன் வேறு, முகாமில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் வேறு. நம் மக்களுக்கு நேர்ந்த அநியாயமும் இப்படி ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளியாக்கியதால் விளைந்ததல்லவா? அதே தவறை நாம் செய்யலாமா?

3. அடைக்கலம் தேடுபவருக்கு அடைக்கலம் தர வேண்டும். போர்க்காலத்தில் இணைவைப்பவர் ஒருவர் அபயம் கேட்டாலும், அபயமளித்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்கும்படி இறைவன் கட்டளையிடுகிறான் (9:6). மக்காவில் துன்புற்ற ஸஹாபாக்கள் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தபோது காத்தவர் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அல்லவா?

4. எந்தப் பணத்தைக் கொடுப்பது? ஜகாத் முஸ்லிம்களில் உரியவர்களுக்கே சேரும் என்பது நான்கு மத்ஹபுகளிலும் பொது விதி. ஸதகாவுக்கு இந்த வரம்பு இல்லை. மாற்று மதத்தார்க்கும் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு நன்மையும் உண்டு. நம்மோடு போரிடாதவர்க்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை (60:8). அன்னை அஸ்மா (ரலி) அவர்களின் தாயார் இணைவைப்பவராக இருந்த நிலையில் மகளைக் காண வந்தபோது, அவரோடு உறவு பேணும்படியே நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

5. கொடுக்கும் முறையும் இபாதத்தே. கண்ணை மூடிக்கொண்டுதான் நாமே வாங்குவோம் என்கிற மட்டமான பொருளைக் கொடுக்கக் கூடாது (2:267). கிழிந்த துணி மூட்டையை முகாமில் இறக்கிவிட்டு வருவது தர்மமாகாது. எது தேவை என்று கேட்டுக் கொடுப்போம். பிள்ளைகளின் படிப்புச் செலவாகவும் இருக்கலாம், நோயாளியின் மருந்தாகவும் இருக்கலாம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது நன்மையை அழித்துவிடும் (2:264).

புத்தளத்தின் அனுபவம் இங்கே பாடமாகும். வந்தவர்களை அவ்வூர் முஸ்லிம்கள் முதலில் அணைத்துக் கொண்டார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, தண்ணீருக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் கூலி வேலைக்கும் போட்டி வந்தது, மனக்கசப்பும் வந்தது. முதல் நாள் சோறு போடுவது எளிது. பத்தாம் ஆண்டிலும் முகம் சுளிக்காதிருப்பதே கடினம். தங்களுக்குத் தேவை இருந்தும் முஹாஜிர்களை முற்படுத்திய அன்ஸாரிகளை இறைவன் புகழ்வது (59:9) இதற்காகவே.

ஆகவே சகோதர சகோதரிகளே! ஜகாத்தைக் கணக்கிட்டு அதற்குரியவர்களிடம் சேர்ப்போம். ஸதகாவில் ஒரு பங்கை வீடிழந்து வந்தவர்களுக்கென ஒதுக்குவோம். அது நாம் காட்டும் தயவு அன்று; நம் செல்வத்தில் அவர்களுக்குள்ள உரிமை.

வீடிழந்த ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் அமைதியான இல்லத்தைத் தருவானாக! நம் உள்ளங்களிலிருந்து பகையை நீக்குவானாக! ஆமீன்.