பசளையிடா வயலின் விளைவைக் கணித்தறிதல்

ஏக்கருக்கு 80 கிலோ யூரியா இட்டு 1630 கிலோ நெல் பெற்ற கமக்காரர், அவ்விளைவு முழுவதும் பசளையால் வந்ததென எண்ணுதல் இயல்பு. ஆயினும், மண்ணும் நீரும் தாமே அளித்த பங்கு அதில் உண்டு. அப்பங்கை அறியாது பசளைச் செலவின் பயனை மதிப்பிடுதல் இயலாது. கணினி விரிதாளிலுள்ள 'இன்டர்செப்ட்' என்னும் சார்பு இதனை அறிய உதவும்.

1. பதிவு செய்தல்

ஒரே வயலில், ஒரே இன நெல்லை ஒரே நாளில் விதைத்த நான்கு துண்டுகளில் யூரியாவின் அளவை மட்டும் மாற்றுதல் வேண்டும். மற்றப் பசளைகளும் நீரும் களைகட்டலும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு துண்டின் நீர் மற்றொன்றிற் பாயாதபடி இடையே வரம்பு கட்டுதல் அவசியம். அறுவடையின்பின் ஒவ்வொரு துண்டின் நெல்லையும் தனித்தனியே உலர்த்தி நிறுத்து, ஏக்கருக்கு எவ்வளவெனக் கணக்கிடுக. எடுத்துக்காட்டாக, யூரியா 20, 40, 60, 80 கிலோவும், நெல் முறையே 1250, 1350, 1530, 1630 கிலோவும் எனக் கொள்வோம்.

2. கணித்தல்

'ஏ' நிரலில் யூரியாவையும் 'பி' நிரலில் நெல்லையும் 2 முதல் 5 வரையான நிரைகளிற் பதிக. வெறுமையான கட்டமொன்றில் =இன்டர்செப்ட்(பி2:பி5,ஏ2:ஏ5) என்பதை ஆங்கில எழுத்துக்களில் இடுக. விடை 1110. இந்நான்கு புள்ளிகளுக்கும் மிகப் பொருந்தும் நேர்கோடு, யூரியா பூச்சியமாகும் இடத்திற் காட்டும் விளைவே இது. இது வெட்டுத்துண்டு எனப்படும். நெல் முன்னும் யூரியா பின்னும் வருதல் வேண்டும். மாறின், ஏறக்குறைய -165 என்னும் பொருந்தாத விடை கிடைக்கும்.

3. பயன்

80 கிலோ யூரியாவால் மிகுந்தது ஏறக்குறைய 520 கிலோ நெல்லே. யூரியாவின் விலையையும் அதனை இடும் கூலியையும் இந்த 520 கிலோவின் விலையுடன் ஒப்பிடுதல் வேண்டும். 1630 கிலோவின் விலையுடன் அன்று.

4. கவனிக்கவேண்டியவை

பூச்சியம், சோதித்த அளவுகளுக்கு அப்பாற்பட்டது. ஆதலால், அடுத்த போகத்தில் சிறு துண்டொன்றை யூரியா இடாது விட்டு விடையைச் சரிபார்த்தல் நன்று. 80 கிலோவுக்கு மேலும் விளைவு இவ்வாறே உயருமெனக் கொள்ளற்க. மிகையான யூரியாவாற் பயிர் சாய்வதுடன் நோயும் பெருகும்.

மிளகாய், வெங்காயம் முதலிய தோட்டப் பயிர்களுக்கும் இம்முறை ஏற்றது. வைக்கோலை எரிக்காது வயலுக்கே மீட்டளித்து மண்ணை வளம்படுத்தும் கமக்காரர், போகந்தோறும் இக்கணக்கைப் பேணிவரின், மண்ணின் பங்கு உயர்வதைத் தம் வயலிலேயே கண்டறியலாம்.