பல் சீரமைப்பில் உங்கள் முதல் ஆய்வு: ஒரு முழுமையான வழிகாட்டி

டெல்லி கேட் அருகிலுள்ள மௌலானா ஆசாத் பல் மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்குக் காலையில் போனால், சீட்டு வாங்க நிற்கும் வரிசையில் டெல்லிக்காரர்களோடு ஹரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் மக்களையும் பார்க்கலாம். அன்சாரி நகர் எய்ம்ஸ் வளாகத்தின் பல் மருத்துவ மையத்திலும் அப்படித்தான். அவர்கள் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்: என் பல்லுக்கு என்ன? அதைக் காப்பாற்ற முடியுமா? முதல் கேள்விக்கு விடை நோயறிதல். இரண்டாவதற்கு விடை சிகிச்சை.

நிரந்தரப் பற்களில் சொத்தை உள்ளவர்கள் உலகில் சுமார் 200 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை கணக்கிட்டது. இவ்வளவு பரவலான நோயில், எப்போது துளைப்பது, எவ்வளவு துளைப்பது என்பதற்கு நல்ல சான்று வேண்டும். பிடிஎஸ் முடித்துப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் எம்டிஎஸ் முதலாண்டு மாணவர்களுக்கும் இந்த வழிகாட்டி. டெல்லிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: நோயாளியின் சொற்களைக் கேளுங்கள்

"தண்டா கரம் லக்தா ஹை" என்று ஒருவர் சொன்னால், குளிர்ச்சியும் சூடும் பட்டால் பல் கூசுகிறது என்று பொருள். நம் ஊரில் இதையே "பல் கூசுது" என்போம். வலி கூடினால் "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்போம். இந்த இரண்டுக்கும் நடுவேதான் நோயறிதல் இருக்கிறது. குளிர்ச்சி பட்டதும் கூசிச் சில விநாடிகளில் அடங்கினால், பல்கூழ் மீளக்கூடிய நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். வலி நீடித்து, தானாகவே கிளம்பி, இரவில் தூக்கத்தைக் கலைத்தால் நிலைமை முற்றியிருக்கலாம். குளிர்ச் சோதனை, தட்டிப் பார்ப்பது, எக்ஸ்ரே ஆகியவை இந்தக் கணிப்பைச் சரிபார்ப்பதற்கானவை.

ஆய்வுக் கேள்வியும் இங்கேதான் பிறக்கிறது. "ஆழமான சொத்தைக்கு எது நல்ல சிகிச்சை?" என்பது அகலமான கேள்வி. "கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை இருந்து, பல்கூழ் உயிரோடு உள்ள 18 முதல் 40 வயதுக்காரர்களில், சொத்தையை முழுதும் சுரண்டுவதைவிடப் பகுதியாக அகற்றுவது ஓராண்டில் பல்கூழைக் கூடுதலாகக் காப்பாற்றுகிறதா?" என்பது ஆய்வு செய்யத் தக்க கேள்வி. யாரிடம், எதை, எதனோடு ஒப்பிட்டு, எதை அளக்கிறோம் என்ற நான்கும் இதில் இருக்கின்றன.

படி 2: சொத்தைக்கு ஒரே அளவுகோல் வையுங்கள்

ஒருவர் "லேசான சொத்தை" என்பதை இன்னொருவர் "நடுத்தரம்" என்பார். இதைத் தவிர்க்கத்தான் ஐசிடாஸ் என்ற பன்னாட்டு முறை வந்தது. 0 என்றால் நல்ல பல். 1 என்பது பல்லைக் காற்றால் உலர்த்தினால்தான் தெரியும் வெண்மாற்றம். ஈரத்திலேயே தெரிந்தால் 2. எனாமல் உடைந்திருந்தால் 3. டென்டினின் நிழல் அடியில் தெரிந்தால் 4. குழியில் டென்டின் கண்ணுக்குத் தெரிந்தால் 5. பெரும்பகுதி அரித்திருந்தால் 6. பார்ப்பதற்கு முன் பல்லைச் சுத்தம் செய்து உலர்த்துங்கள். கூர்முனை ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள்; ஆரம்பச் சொத்தையை அதுவே உடைத்துவிடும்.

வட இந்தியாவில் கூடுதல் கவனம் தேவை. டெல்லியின் சில பகுதிகளிலும் ஹரியானா, ராஜஸ்தானிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் போலவே அங்கும் பற்களில் வெள்ளைக் கோடுகளும் பழுப்புக் கறைகளும் இருக்கும். ஃபுளோரைடு பாதிப்பு பெரும்பாலும் இருபுறமும் ஒரே மாதிரி, பரவலாக வரும். ஆரம்பச் சொத்தையோ ஈறோரம், பல்லிடுக்கு என அழுக்கு தங்கும் இடத்தில் வரும். இந்த வேறுபாட்டை உங்கள் ஆய்வுத் திட்டத்தில் எழுதிவையுங்கள்.

பரிசோதிப்பவர் இருவர் என்றால், முதலில் ஒரே பற்களை இருவரும் தனித்தனியே பார்த்து மதிப்பிடட்டும். அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கப்பா என்ற எண்ணால் அளக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி பயிற்சி எடுங்கள். அதன் பிறகே நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கருவியைக் கேள்வி கேளுங்கள்

லேசர் ஒளியால் சொத்தையைக் காட்டும் கருவிகள் 1990களின் இறுதியிலேயே சந்தைக்கு வந்துவிட்டன. இப்போது எக்ஸ்ரேயைக் கணினியே படித்துச் சொல்கிறது. எந்தக் கருவியானாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

100 பற்களில் உண்மையாகவே சொத்தை உள்ளவை 40 என்று வைத்துக்கொள்வோம். கருவி அவற்றில் 36ஐக் கண்டுபிடித்தால் அதன் சென்சிட்டிவிட்டி 90 சதவீதம். மீதி 60 நல்ல பற்களில் 45ஐ மட்டும் நல்லவை என்று சொன்னால் ஸ்பெசிஃபிசிட்டி 75 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவி கைகாட்டிய 51 பற்களில் 15 நல்ல பற்கள். அதை மட்டும் நம்பினால் அந்த 15 பற்களையும் துளைத்துவிடுவோம். துளைத்த எனாமல் மறுபடி வளராது. ஆகவே சொத்தை ஆய்வில் ஸ்பெசிஃபிசிட்டியை இரண்டாம் இடத்தில் வைக்காதீர்கள்.

படி 4: சிகிச்சைகளை நேர்மையாக ஒப்பிடுங்கள்

ஜி.வி.பிளாக் 1908இல் வகுத்த முறையில், சொத்தையோடு சுற்றியுள்ள நல்ல பகுதியையும் வெட்டி அகலப்படுத்துவது வழக்கம். 1955இல் புவனகோர் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கி அடைப்பை ஒட்டவைக்கும் வழியைக் காட்டினார். பின்னர் கம்போசிட் வந்தது. வில்சனும் கென்ட்டும் உருவாக்கிய கிளாஸ் அயனோமர் 1972இல் வெளியானது. ஒட்டும் பொருள் வந்ததால் வெட்டும் அளவு குறைந்தது. 2015இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் கூடிய வல்லுநர்கள், பல்கூழ் உயிரோடு உள்ள ஆழமான சொத்தையில் பல்கூழை ஒட்டிய மென்மையான டென்டினை விட்டுவைத்து, ஓரங்களை மட்டும் நன்கு சுத்தம் செய்து இறுக்கமாக அடைக்கலாம் என்று பரிந்துரைத்தனர்.

அடைக்காமலே சொத்தையை நிறுத்தும் சில்வர் டயமின் ஃபுளோரைடு, 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. அது சொத்தை இருக்கும் இடத்தைக் கறுப்பாக்கும். சிகிச்சை பெறும் குழந்தையின் தாய் இந்தக் கறுப்பை ஏற்பாரா என்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி.

ஒப்பிடும்போது மூன்றைக் காப்பாற்றுங்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்கட்டும். உங்கள் விருப்பம் அதில் நுழையக் கூடாது. முடிவை அளப்பவர், சிகிச்சை செய்தவராக இருக்கக் கூடாது. ஒரே வாயின் இரண்டு பற்களை இரண்டு தனி நோயாளிகளாக எண்ணக் கூடாது. எத்தனை பேர் தேவை என்பதைத் தொடங்குவதற்கு முன்பே புள்ளியியலாளரிடம் கேளுங்கள்.

படி 5: அனுமதியும் பதிவும்

நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஒரு பல்லைக்கூடத் தொடாதீர்கள். ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் இந்தியில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்லுங்கள். ஆய்வுக்காக மட்டும் கூடுதல் எக்ஸ்ரே எடுக்காதீர்கள்.

அடுத்து, இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் டெல்லியிலிருந்து 2007 முதல் இயங்குகிறது, கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்தால்தான் ஏற்கிறார்கள். உங்கள் தலைப்பில் வேறு யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் அங்கேயே தேடிப் பார்க்கலாம். பிடிஎஸ் மாணவர்கள் இதே கழகத்தின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது நல்ல தொடக்கம்.

படி 6: திரும்பி வராதவர்களையும் எண்ணுங்கள்

டெல்லியில் ஆய்வு செய்பவருக்குப் பெரிய சவால் மறுபரிசோதனை. வேலை தேடி வந்தவர் ஊர் திரும்பிவிடுவார். கைபேசி எண் மாறிவிடும். சேர்க்கும்போதே உறவினர் எண் ஒன்றையும் அவர் சம்மதத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். கூலி இழக்காமல் வரத் தோதான நாளையும் அவரிடமே கேளுங்கள். இருந்தும் வராதவர் எத்தனை பேர் என்பதைக் கட்டுரையில் மறைக்காமல் எழுதுங்கள். கட்டுரை எழுதும்போது, நோயறிதல் ஆய்வுக்கு ஸ்டார்ட் (STARD), குலுக்கல் ஆய்வுக்கு கன்சார்ட் (CONSORT) ஆகிய சரிபார்ப்புப் பட்டியல்களை வரிவரியாகப் பின்பற்றினால் எதுவும் விட்டுப்போகாது. எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும் வெளியிடுங்கள். இன்னொரு மாணவர் அதே வழியில் இரண்டாண்டை இழக்காமல் அது காக்கும்.

நாளை காலை உங்கள் நாற்காலியில் உட்காரும் முதல் நோயாளியிடமிருந்தே தொடங்குங்கள். பல்லை உலர்த்திப் பாருங்கள், ஐசிடாஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இதைத் துளைக்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உறுதியான விடை தெரியவில்லை என்றால், உங்கள் ஆய்வுத் தலைப்பு கிடைத்துவிட்டது.