நாட்பட நின்ற டீசல் என்ஜின் ஓட மறுக்கிறதா?

பல மாதங்கள் கொட்டகையில் நின்ற டீசல் என்ஜினைப் பயிர் வாடும்போதுதான் வெளியே எடுக்கிறோம். ஹேண்டிலைச் சுற்றிக் கை ஓய்ந்துவிடும், என்ஜின் ஓடாது. கதிர் வரும் சமயத்தில் பாசனம் தவறினால் நெல்லில் பதர் மிகும். மெக்கானிக் வரும்வரை காத்திராமல், பெரும்பாலான கோளாறுகளை விவசாயிகளே கண்டறியலாம்.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று சுமார் 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசல் எரிகிறது. ஆகவே காற்று, டீசல், அழுத்தம் ஆகிய மூன்றையும் வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

சுற்றுமுன்: டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றவும். அசையாவிட்டால் பலவந்தம் கூடாது. சைலன்சர் வழியே மழைநீர் இறங்கி, ரிங்குகள் துருப்பிடித்திருக்கலாம். இன்ஜெக்டரைக் கழற்றி, டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து சிறிதளவு அத்துளையில் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, முன்னும் பின்னும் அசைக்கவும். இளகியபின் சில சுற்றுகள் சுற்றி, மிஞ்சிய எண்ணெயை வெளியேற்றிய பிறகே இன்ஜெக்டரைப் பொருத்த வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பி போல் இருந்தால் தண்ணீர் சேர்ந்துள்ளது; ஆயிலை மாற்றாமல் ஓட்டக்கூடாது.

காற்று: ஏர் கிளீனரிலும் சைலன்சரிலும் குளவிக் கூடு, எலி சேர்த்த குப்பை அடைத்திருந்தால் நீக்கவும்.

டீசல்: தண்ணீர் டீசலைவிடக் கனமானது, டேங்கின் அடியில் தங்கும். அடித்திருகைத் திறந்து அதை வடிக்கவும். டேங்கைக் கழுவிப் பில்டரை மாற்றவும். பின்பு பில்டரிலும் பம்பிலும் உள்ள காற்றுத் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை விட்டு இறுக்கவும். கடைசியாக இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, டீசல் வரும்வரை என்ஜினைச் சுற்றி, மீண்டும் இறுக்கவும். அதன்பின் சுற்றும்போது இன்ஜெக்டரில் 'கிர்' ஓசை கேட்காவிட்டால் நாசில் பழுதடைந்திருக்கலாம்.

அழுத்தம்: லீவரை இறக்கிவிட்டுப் பிளைவீலைச் சுற்றினால் எதிர்த்துத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் காது கொடுத்துக் கேட்கவும். ஏர் கிளீனரில் சீறல் கேட்டால் உள்வால்வும், சைலன்சரில் கேட்டால் வெளிவால்வும், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்குகளும் கசிகின்றன. இவற்றை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

எச்சரிக்கை: ஹேண்டிலைப் பிடிக்கையில் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கவும், என்ஜின் எதிர்த்து உதைத்தால் விரல் தப்பும். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காற்று வாயில் பெட்ரோல் ஊற்றுவது ஆபத்தானது.

அடுத்த முறை நிறுத்தும்போது டேங்கை டீசலால் நிரப்பி, சைலன்சர் வாயைத் தகர டப்பாவால் மூடவும். 15 நாட்களுக்கு ஒரு முறை லீவரைத் தூக்கிப் பிளைவீலைச் சில சுற்றுகள் சுற்றவும். இதற்குப் பத்து நிமிடம் போதும். பாசன நேரத்தில் என்ஜின் கைவிடாது.