உப்பு வரி நீங்கிய வரலாறு

நுழையும்முன்

1930ஆம் ஆண்டு உப்புச் சட்டம் மீறப்பட்டதை அனைவரும் அறிவர். அவ்வாண்டிலேயே அச்சட்டம் ஒழிந்துவிட்டது என எண்ணுவோரும் உளர். உப்பு வரி நீங்கியதோ 1947இல்தான். கடற்கரையில் நடந்த போராட்டத்திற்கு முன்னும் பின்னும் அவைகளில் நடந்த போராட்டத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

*

உப்புக்கு மாற்றுப் பொருள் இல்லை. செல்வர் வீட்டு விருந்துக்கும் கூலியாளின் கஞ்சிக்கும் தேவைப்படும் உப்பின் அளவில் பெரிய வேறுபாடும் இல்லை. வெயிலில் வியர்வை சிந்துபவருக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். எனவே எல்லாரிடமும் ஒரே அளவில் பெறப்பட்ட இவ்வரி, வருவாயோடு ஒப்பிடுகையில் ஏழையையே மிகுதியாக அழுத்தியது. ஆங்கில அரசு இதனை வேறுவிதமாகக் கணக்கிட்டது. நிலமும் சொத்தும் இல்லாதவரிடமிருந்து பெறத்தக்க வரி இது ஒன்றே என்றும், தலைக்குச் சில அணாக்களே ஆகின்றன என்றும் வாதிட்டது. சில அணாக்கள் சிறுதொகை என்பது மாதச் சம்பளக்காரரின் கணக்கு. அன்றாடங்காய்ச்சியின் கணக்கு அன்று.

1888இல் ஏறக்குறைய 37 கிலோ உப்புக்கு 2 ரூபாயாக இருந்த வரி 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. இதனைக் குறைக்க வேண்டும் எனப் பேரரசின் சட்டமன்றத்தில் கோபால கிருஷ்ண கோகலே 1902 முதல் வாதாடினார். அரசின் கருவூலத்தில் மிகுதிப் பணம் இருக்கும்போது ஏழையின் உப்புக்கு வரி எதற்கு என்பது அவர் வினா. வரி குறைந்தால் மக்கள் உப்பை மிகுதியாக வாங்குவர் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அன்றைய உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க இயலாது. ஆயினும் 1903இல் தொடங்கிய வரிக்குறைப்பு, 1907இல் 1 ரூபாய் என்னும் அளவுக்கு வந்து நின்றது. வாக்குரிமை இல்லாத அவையில் புள்ளிவிவரங்களையும் வாதத்தையும் துணையாகக்கொண்டு பெற்ற வெற்றி என்பதால் இது சிறப்புடையது.

பின்னர் வாக்குரிமையும் வந்தது. 1923இல் பற்றாக்குறையை ஈடுகட்ட, 1 ரூபாய் 4 அணாவாக இருந்த வரியை இரு மடங்காக்க அரசு முனைந்தது. மத்தியச் சட்டமன்றம் அதனை மறுத்தது. வைசிராய் ரீடிங் பிரபு, 1919ஆம் ஆண்டுச் சட்டம் தமக்கு வழங்கிய தனி அதிகாரத்தால் சான்றளித்து வரியை உயர்த்தினார். மக்கள் பேராளர்களின் பெரும்பான்மை வாக்கை ஒரே கையொப்பம் வீழ்த்தியது. அடுத்த ஆண்டே வரி பழைய அளவுக்கு இறங்கியது என்றாலும், அவை மறுத்தாலும் வரி நிற்கும் என்பதை நாடு அறிந்துகொண்டது.

1930 மார்ச் 12இல் காந்தியடிகள் தண்டி நோக்கிப் புறப்பட்டமைக்கு இப்பின்னணியும் உண்டு. தமிழ்நாட்டில் இராஜாஜி தலைமையிலான தொண்டர்கள் ஏப்ரல் 13இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடந்தனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தார். ஊர்மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டனர். மரத்தில் தொங்கும் சோற்றுக்கு யாரைக் கைது செய்வது? ஏப்ரல் 30இல் உப்பு அள்ளிய இராஜாஜி சிறை சென்றார்.

1931 மார்ச் 5இல் காந்தி–இர்வின் உடன்படிக்கை கையெழுத்தானது. உப்பு கிடைக்கும் ஊர்களின் மக்கள் தம் வீட்டுத் தேவைக்கு அதனை எடுத்துக்கொள்ளலாம் என்னும் சலுகை கிடைத்தது. சட்டம் மட்டும் நீக்கப்படவில்லை. அதே ஆண்டின் இறுதிப் பகுதியில், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, உப்பின்மீதும் கால்பங்கு கூடுதல் வரி விதிக்கப்பட்டது. அறுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் சிறை சென்ற போராட்டத்திற்குப் பின்னரும் வரி ஏறியது!

1947 பிப்ரவரியில் இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் தம் வரவுசெலவுத் திட்டத்தில் உப்பு வரியை நீக்கினார். அந்த அமைச்சரவையில் வேதாரண்யத்தில் கைதான இராஜாஜியும் ஓர் உறுப்பினராக இருந்தார். நாடு விடுதலை பெற அப்போது இன்னும் சில மாதங்கள் இருந்தன.