அரிசிப் பண்டம்தானே என்று நம்பாதே

அன்புள்ள கயல்,

ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாய். தோழிகள் ஹோட்டலுக்குக் கூப்பிடுவார்கள், கட்டாயம் போ. கோதுமை ஆகாத சீலியாக் நோய் இருக்கிறதென்று அறையிலேயே அடைந்து கிடக்காதே. பரோட்டா, பூரி, ரவா தோசை ஆகாதென்று உனக்கே தெரியும். எனக்குக் கவலையெல்லாம் அரிசிப் பண்டங்களைப் பற்றித்தான்.

சாதா தோசையையே எடுத்துக்கொள். மாவில் அரிசியும் உளுந்தும்தான். ஆனால் சற்று முன்பு அதே கல்லில் ரவா தோசையோ சப்பாத்தியோ வெந்திருக்கும். மாஸ்டர் தண்ணீர் தெளித்து, சின்னத் துடைப்பத்தால் ஓர் இழுப்பு இழுப்பார். கல் பளிச்சென்று ஆகிவிடும். அந்தத் துடைப்பக் குச்சிகளுக்கு நடுவே ஒட்டிய ரவை அடுத்த தோசைக்கும் வந்து சேரும். பூரி பொரித்த எண்ணெயில் போட்ட மெதுவடையும் உனக்கு ஆகாது. எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் கோதுமையில் உள்ள குளூட்டன் அழியாது. குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் அச்சிட நம் நாட்டில் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். தோசையில் ஒரு சிட்டிகை மைதா கலந்தாலே அதைத் தாண்டிவிடும். ஃப்ரைட் ரைஸும் வேண்டாம். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று பெருங்காயம். கடையில் விற்பவை பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும். சாம்பார், ரசம், பொடி, தாளிப்பு எல்லாவற்றிலும் அது உண்டு. அண்டாவில் கொதிக்கும் சாம்பாரிலிருந்து எந்த மாஸ்டராலும் உனக்காக அதைப் பிரித்தெடுக்க முடியாது. வெளியில் சாம்பாரை விட்டுவிடு. சொல்ல எனக்கே மனசில்லை, ஆனாலும் விட்டுவிடு.

இட்லி ஓரளவு நல்லது. கல்லும் எண்ணெயும் கிடையாது. அதே தட்டில் ரவா இட்லியும் ஊற்றுகிறார்களா என்று மட்டும் கேள். தாளிக்காத தேங்காய்ச் சட்னி, வெறும் சாதம், தயிர் கேட்டுப் பார்.

குளூட்டன் என்றால் சப்ளையருக்குப் புரியாது. "கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி துளிகூட ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், மாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்கண்ணா" என்று சொல். காலை எட்டரை மணிக் கூட்டத்தில் யாருக்கும் பதில் சொல்ல நேரமிருக்காது. பதினொரு மணிக்குப் போ. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சட்டென்று பதில் வந்தால் காபியோடு எழுந்துவிடு. "இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போகிறவர் இருக்கும் கடையை விடாதே. தோழிகள் முன்னால் இத்தனை கேள்வியா என்று கூச்சம் வரும். முதல் தடவை அவர்களுக்கும் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிடு. அடுத்த தடவை உனக்கு முன்னால் அவர்களே கேட்பார்கள்.

என்றைக்காவது ஒருநாள் தெரியாமல் சாப்பிட்டும் வயிற்றை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அந்தத் தெம்பில் தொடராதே. வலி இல்லாவிட்டாலும் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் தேயும். இரும்புச்சத்து உடம்பில் சேராது, எலும்பு பலவீனமாகும். டாக்டர் எழுதித் தந்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே.

இட்லிப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன், பெருங்காயம் போடவில்லை. வெள்ளிக்கிழமை உன் அப்பா வரும்போது கொண்டுவருவார். பையிலேயே வைத்துக்கொள். நல்லெண்ணெய் கடையில் கிடைக்கும். கரண்டி விட்டு எடுக்காத பாட்டிலாகக் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அத்தை