கல் வெளியேறும் வழி

சிறுநீரகத்தில் கல் என்றவுடன், விலாப்பக்கம் நீளமாகக் கீறிக் கல்லை எடுக்கும் காட்சி உங்கள் மனத்தில் தோன்றலாம். அந்தக் காலம் பெரும்பாலும் போய்விட்டது. இன்று கல்லை உள்ளேயே உடைத்துத் துண்டுகளாக வெளியே கொண்டுவருகிறார்கள். அதற்கு ஒரு வழி வேண்டுமே! அந்த வழியைத் திறந்து வைத்திருப்பது உறைக்குழாய் என்னும் எளிய கருவி. எண்டோஸ்கோப், லேசர் இழை, இடுக்கி எல்லாம் இதன் ஊடே சென்று வரும்.

இக்குழாய்களின் பருமனை மருத்துவர்கள் 'பிரெஞ்சு' என்ற அலகால் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் வகுத்த அளவு இது. 3 பிரெஞ்சு என்றால் 1 மி.மீ. விட்டம். அவ்வளவுதான்.

முதுகுத் தோலில் துளையிட்டு நேரே சிறுநீரகத்துக்குள் குழாயைச் செலுத்துவது ஒரு முறை. ஸ்வீடனைச் சேர்ந்த ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் இருவரும் 1976இல் இதை வெளியிட்டனர். இதில் வழக்கமான குழாய் 24 முதல் 30 பிரெஞ்சு வரை இருக்கும். 'மினி' வகை 14 முதல் 20 வரை. 30க்குப் பதில் 15 பிரெஞ்சு குழாயைப் பயன்படுத்தினால் துளையின் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும், இரத்தப்போக்கும் குறையும். ஆனால் துண்டுகளின் விட்டத்தையும் பாதியாக்க வேண்டும். அப்போது அவற்றின் எண்ணிக்கை எட்டு மடங்காகும்! நேரம் கூடாமல் என்ன செய்யும்?

மற்றொரு முறையில் துளையே இல்லை. சிறுநீர் இறங்கும் பாதையிலேயே, சிறுநீர்ப்பையைக் கடந்து, சிறுநீர் நாளத்தின் வழியாக மேலே ஏறவேண்டும். இங்கேதான் இயற்பியல் சுவையாகிறது.

பார்வை தெளிவாக இருக்க, எண்டோஸ்கோப்பின் வழியே உப்புநீரைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். அந்த நீர், எண்டோஸ்கோப்புக்கும் உறைக்குழாய்க்கும் இடையிலுள்ள வளைய வடிவ இடைவெளி வழியாகத் திரும்பி வரவேண்டும். வராவிட்டால்? உப்புநீர்ப் பை சிறுநீரகத்துக்கு 80 செ.மீ. உயரத்தில் தொங்குவதாகக் கொள்வோம். வெளிவழி அடைபட்டால் அந்த 80 செ.மீ. நீர்த்தம்பத்தின் அழுத்தம் முழுவதும் சிறுநீரகத்தின் உட்புறம் விழும். பாதரச அளவில் இது 59 மி.மீ. ஏறத்தாழ 30 மி.மீ. தாண்டினாலே உள்ளிருக்கும் நீர் இரத்தத்தில் கசியத் தொடங்கலாம். கல்லில் கிருமிகள் இருந்தால் அவையும் கூடவே போகும். கடுங்காய்ச்சல் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இப்போது இரண்டு குழாய்களை ஒப்பிடுவோம். '12/14' என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 14 பிரெஞ்சு. மற்றது '10/12'. எண்டோஸ்கோப் 9 பிரெஞ்சு, அதாவது 3 மி.மீ. முதல் குழாயின் உள்விட்டம் 4 மி.மீ.; ஆகவே சுற்றிலும் இடைவெளி 0.5 மி.மீ. இரண்டாவதில் உள்விட்டம் 3.33 மி.மீ.; இடைவெளி சுமார் 0.17 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு! மெல்லிய இடைவெளியில் பாகுநிலை திரவம் ஓடும் அளவு, இடைவெளியின் மும்மடிக்கும் வளையத்தின் சராசரி விட்டத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். எனவே ஒரே அழுத்தத்தில் முதல் குழாய் ஏறத்தாழ 30 மடங்கு நீரை வெளியேற்றும். (எண்டோஸ்கோப் சரியாக நடுவில் இருப்பதாகக் கொண்ட கணக்கு இது, உண்மையில் அது ஒருபுறம் சாய்ந்தே கிடக்கும்.)

அப்படியானால் பெரிய குழாயே போதுமே என்பீர்கள். பொறுங்கள்! சிறுநீர் நாளத்தின் விட்டம் 3 அல்லது 4 மி.மீ.தான். 14 பிரெஞ்சு என்பது 4.67 மி.மீ. 12/14 குழாய் பயன்படுத்திய 359 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரையில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு நாளச் சுவரில் ஏதோ ஒரு காயம் காணப்பட்டது, பெரும்பாலானவை மேலோட்டமானவை. முன்னதாகவே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைத்து நாளத்தைத் தளர்த்தியிருந்தவர்களிடம் கடுமையான காயம் மிகக் குறைவு. ஆகவே 'சிறந்த குழாய்' என்று ஒன்றைத் தனியே சொல்வது பொருளற்றது. யாருடைய நாளம், எந்த எண்டோஸ்கோப் என்று முதலில் கேட்கவேண்டும்.

அண்மைக்காலத்தில் உறிஞ்சு வசதியுள்ள குழாய்கள் வந்துள்ளன. பக்கக் கிளையில் உறிஞ்சியை இணைத்தால் உள் அழுத்தம் தாழும்; கல்தூளும் நீரோடு வந்துவிடும். இதுவும் அளவோடு இருக்கவேண்டும். மிகையாக உறிஞ்சினால் சிறுநீரகத்தின் உட்சுவர் சுருங்கிக் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும்.

11/13 அளவுக் குழாய்க்கு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அதே எண்டோஸ்கோப்பைக் கொண்டு, 12/14 குழாய் இதைவிட எத்தனை மடங்கு நீரை வெளியேற்றும்? விடை 3.5க்கு அருகில் வரவேண்டும்.