மணி நோட்டம்

மக்கள் உள்ளத்தைக் கவரும் பொருள்களுள் மணிகள் சிறந்தவை. மலரின் அழகு மாலைக்குள் வாடும். பட்டின் பளபளப்புச் சில ஆண்டுகளில் மங்கும். மணியின் ஒளியோ தலைமுறை பல கடந்தும் நின்று நிலவும். அழகு, உறுதி, அருமை என்னும் மூன்று பண்புகளும் ஒருங்கே அமைந்த கல்லையே உலகம் மணி எனப் போற்றுகின்றது. வைரம், மாணிக்கம், மரகதம், நீலம், கோமேதகம், வைடூரியம், புட்பராகம், முத்து, பவளம் என்னும் ஒன்பதையும் நம் முன்னோர் நவமணிகள் என்று தொகுத்துக் கூறினர். இவற்றுள் முத்தும் பவளமும் கடல்வாழ் உயிர்களால் உண்டாவன. ஏனைய ஏழும் நிலத்திற் பிறப்பன.

மணிகளின்மீது கொண்ட காதல் தமிழகத்தில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஈரோடு மாவட்டத்தில், நொய்யலாற்றின் வடகரையில், கொடுமணல் என்றோர் ஊர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் குறிக்கப்பெறும் ஊர் இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். 1985ஆம் ஆண்டு தொடங்கிப் பன்முறை இங்கு அகழாய்வு நடைபெற்றது. நீலம், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், பெரில் என்னும் கடல்நிறப் பச்சைக்கல் ஆகியவை மண்ணிலிருந்து வெளிப்பட்டன. மெருகேறிய மணிகளோடு, துளையிடப்பெறாத மணிகளும், வேலை தொடங்கப்பெறாத கற்களும் கிடைத்தன. ஆதலின், இவ்வூர் மணிகளை அணிந்தோர் வாழ்ந்த ஊர் மட்டுமன்று; மணி செய்வோர் வாழ்ந்த ஊருமாகும் என்பது தெளிவு.

பெரில் அவ்வூருக்கு அண்மையிலேயே, காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பகுதியில் கிடைத்தது. அங்குக் கிடைத்த மற்றொரு கல்லாகிய லாப்பிசு லசூலியோ நெடுந்தொலைவிலுள்ள ஆப்கானித்தானத்து மலைகளில் விளைவது. இன்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே, மணியின் பொருட்டு மனிதர் மலையும் கடலும் கடந்தனர் என்பதை இவை காட்டுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம நாட்டு அறிஞர் பிளினி, பெரில் கற்கள் இந்தியாவிலேயே மிகுதியாகத் தோன்றுவன என்று எழுதி வைத்துள்ளார்.

நிலத்திலிருந்து எடுத்த கல் தானே ஒளி வீசுவதில்லை. பட்டை தீட்டுவோர் அதனைக் குச்சியின் நுனியில் அரக்கினால் பதித்து, சுழலும் சாணையில் பொறுமையுடன் தேய்ப்பர். ஒவ்வொரு பட்டையும் உரிய சாய்வில் அமைதல் வேண்டும். சாய்வு பொருந்தினால், கல்லினுள் புகும் ஒளி உள்ளே பட்டுத் திரும்பிக் காண்போர் கண்ணை வந்தடையும். சாய்வு தவறினால், ஒளி அடிப்புறமாக ஒழுகிப்போகும். கல்லும் பொலிவிழந்து தோன்றும். கல்லின் குறையை முன்னரே அறிந்து, எப்பகுதியை நீக்குவது, எப்பகுதியைக் காப்பது எனத் துணிவதே இத்தொழிலின் திறம். ஒருமுறை தேய்த்து நீக்கியதை மீண்டும் சேர்த்தல் இயலாது.

இனி, மணியை விரும்புதல் வேறு. மணியை அறிதல் வேறு. கண் நிறத்தைக் காணும். ஆனால் நிறம் பலகாலும் ஏமாற்றும். மாணிக்கம் சிவப்பு, நீலம் நீலநிறம். எனினும் இரண்டும் ஒரே கனிமமே. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயர், குருந்தம் என்னும் நம் சொல்லிலிருந்து பிறந்ததாகும். அலுமினியமும் ஆக்சிசனும் சேர்ந்த அக்கனிமத்தில், குரோமியம் சிறிதளவு கலந்தால் சிவப்பும், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமும் தோன்றும். இங்ஙனம் நிறம் வேறுபட்டும் இனம் ஒன்றாகும். நிறம் ஒன்றாகி இனம் வேறாவதும் உண்டு. பிரித்தானிய அரசரின் மணிமுடியில், 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்னும் பெயருடைய பெரிய செங்கல் ஒன்று விளங்குகின்றது. பல நூற்றாண்டுகள் மாணிக்கம் என்றே மதிக்கப்பெற்ற அக்கல், உண்மையில் ஸ்பைனல் என்னும் வேறோர் இனம். 1783ஆம் ஆண்டிலேதான் அறிஞர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்ந்தனர்.

இவ்வேறுபாட்டை எங்ஙனம் அறிவது? மாணிக்கம், தன் பருமனுள்ள நீரைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு எடையுடையது, ஸ்பைனலோ 3.6 மடங்கே உடையது. மாணிக்கத்தினுள் புகும் ஒளிக்கதிர் பெரும்பாலும் இரண்டாகப் பிரியும், ஸ்பைனலில் பிரியாது. இவ்வாறு எடையாலும் ஒளியாலும் கடினத்தாலும் ஆராய்ந்து கல்லின் இனத்தைத் துணிவதே நோட்டம். ஆராயாத நம்பிக்கை எத்துணைத் தீங்கு செய்யும் என்பதற்கு வைரமே சான்று. வைரத்தைக் கீறவல்லது வைரமே. ஆயினும் அது உடையாத பொருள் அன்று. மெய்யான வைரம் சம்மட்டிக்கும் உடையாது என்று நம்பிச் சோதித்தவர்கள், நல்ல வைரத்தையே நொறுக்கி இழப்பர்.

1902ஆம் ஆண்டில் மணித்தொழிலுக்குப் புதியதொரு சோதனை வந்தது. பிரான்சு நாட்டு வேதியியல் அறிஞர் வெர்னுய், அலுமினிய ஆக்சைடுத் தூளைக் கடுஞ்சுடரின் ஊடே விழச்செய்து உருக்கி, மாணிக்கத்தைச் செயற்கையாக ஆக்கும் முறையை வெளியிட்டார். இது கண்ணாடிப் போலி அன்று, கூறுகளால் மாணிக்கமே. வாங்குவோர் ஐயுற்றனர், விற்போர் கலங்கினர். அந்நிலையில் இலண்டன் நகர் நகை வணிகர், கலக்கத்தோடு நில்லாமல் கற்கத் துணிந்தனர். 1908இல் மணியியல் கல்விக்கெனக் குழு ஒன்று அமைந்தது. 1913இல் முதல் தேர்வும் நடைபெற்றது. பெருக்குக் கண்ணாடியால் உற்றுநோக்கின், சுடரில் விளைந்த கல்லினுள் வளர்ச்சிக் கோடுகள் வளைந்து செல்லும் என்பதும், இயற்கைக் கல்லில் அவை நேராக நிற்கும் என்பதும் புலனாயின.

செயற்கைக் கல் இழிந்தது என்று கருதுதல் வேண்டா. திருச்சிராப்பள்ளியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 20ஆம் நூற்றாண்டில் எண்ணற்ற குடும்பங்கள் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டி வாழ்ந்தன. அவர்தம் கைத்திறன் மெய்யானது. அவ்வாறே, இலங்கையிற் கிடைக்கும் மங்கிய நீலக்கற்களை உலையிலிட்டு நிறமேற்றுவதும் வணிகம் ஒப்பிய முறையே. செயற்கையைச் செயற்கை என்றும், சூடேற்றியதைச் சூடேற்றியது என்றும் சொல்லி விற்பது வணிகம். மறைத்து விற்பது வஞ்சகம். கல் மாறாவிடினும், சொல்லும் பெயர் மாறினால் அறம் மாறிவிடுகின்றது.

மணியைப் பற்றிய பொய் எத்துணைக் கொடியது என்பதைச் சிலப்பதிகாரத்தினும் நன்கு உணர்த்தும் நூல் வேறில்லை. மதுரை மாநகரின் மணிக்கடைத் தெருவை இளங்கோவடிகள் புனைந்துரைக்குங்கால், வைரத்தின் குற்றங்களையும் பிற மணிகளின் இயல்புகளையும் நுணுகி அறிந்தோர் அங்கு இருந்ததைக் கூறுகின்றார். கல்லின் உள்ளே கிடக்கும் சிறு கீற்றையும் கண்டறிந்த அந்நகரில், அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன் கோவலன்மேல் பழி சுமத்தினான். அச்சிலம்பின் பரல் யாதென ஒருவரும் ஆராய்ந்திலர். கோவலன் கொலையுண்ட பின்னரே, அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்தமை வெளிப்பட்டது. முன்னரே நோக்கியிருப்பின் ஓருயிர் பிழைத்திருக்கும். ஒரு நகரும் எரியாது நின்றிருக்கும்.

ஆகவே, மணித்தொழிலை மேற்கொள்வோர்க்கு மூன்று தகுதிகள் வேண்டும். அழகில் ஈடுபடும் உள்ளம் முதலாவது. அஃதின்றேல் நெடுநாட் பயிற்சியின் உழைப்பைத் தாங்குதல் அரிது. ஐயந்திரிபற ஆராயும் அறிவு இரண்டாவது. தான் கண்டதைக் கண்டவாறே உரைக்கும் வாய்மை மூன்றாவது. விற்போன் கையில் பெருக்குக் கண்ணாடியும் பல்லாண்டுப் பயிற்சியும் உள்ளன. மகளின் மணத்திற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளுடன் வரும் தாயிடம் அவை இல்லை. அவள் விற்போனின் கண்ணால் காண்கின்றாள். அவன் சொல்லையே நம்பிப் பொருளைக் கொடுக்கின்றாள். அந்நம்பிக்கையைக் காப்பவனே மணி வணிகன் என்னும் பெயருக்கு உரியவன் ஆவான்.